சுவரைப் பார்த்தே இருக்கட்டும்

உள்ளே தள்ளிவிட்டுப் போன குழாய் வெளியே வந்திருந்தது. அதிகமில்லை, ஒரு விரற்கடைதான். பசைக் கிண்ணத்தைக் கழுவிவிட்டு வந்தவள் ஈரக் கையோடு நின்று பார்த்தாள். பித்தளைக்கும் புழுக்கம் தாங்கவில்லை போலிருக்கிறது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, அதைத் திரும்ப உள்ளே தள்ளினாள்.

ஒன்றுக்குள் ஒன்றாக அடங்கும் மூன்று குழாய்களைக் கொண்ட பழைய தொலைநோக்கி அது. அதன் பெட்டியைக் கறையான் அரித்துவிட்டதால், கையில் தூக்கிப் போக வசதியாகப் புதிதாக ஒரு மரப்பெட்டி வேண்டும் என்று பழம்பொருள் கடைக்காரர் கொண்டுவந்து கொடுத்திருந்தார். பெட்டி செய்வதில் அவளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. அளவுகோலை முழுதாக நம்ப மாட்டாள். பொருளைப் பக்கத்திலேயே கிடத்தி, பலகையை அதனோடு வைத்துப் பார்த்து, இழைத்து, மறுபடியும் வைத்துப் பார்த்துத்தான் செய்வாள். அதைக் கேட்டதும் கடைக்காரர் கொஞ்சம் தயங்கினார்.

"அப்படின்னா முன்னாடி இருக்கற பெரிய கண்ணாடி சுவரைப் பார்த்தே இருக்கட்டும்மா. ஆளைப் பார்த்து வைக்காதீங்க."

"ஏன் சார், வெக்கப்படுமா?"

அவர் சிரிக்கவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வருவதாகச் சொல்லிவிட்டுப் போனார். கண்ணாடியைப் பற்றி அவர் சொன்னதை அந்த நிமிடமே அவள் மறந்தும் போனாள். மேசையில் இடம் இருந்த வாக்கில் தொலைநோக்கியைக் கிடத்தினாள். பெரிய கண்ணாடி உள்ளறை வாசலைப் பார்த்தபடி இருந்தது. அந்தக் கதவை அவள் சாத்துவதே இல்லை. தங்கை கூப்பிட்டால் காதில் விழ வேண்டுமே.

தங்கை இரண்டு கண்களிலும் கட்டோடு படுத்திருந்தாள். தையல்காரி. பார்வை மங்கி மங்கி, கடைசியில் ஆபரேஷன் வரை போய்விட்டது. இன்று வெள்ளிக்கிழமை, கட்டுப் பிரிக்கும் நாள். நர்ஸ் வீட்டுக்கே வருகிறாள். தலையணைக்கு அடியில் ஓர் ஊசியும் நூலும் தயாராக இருந்தன. கண் திறந்ததும் முதல் காரியமாக நூல் கோக்க வேண்டுமாம். அந்த ஊசியை எடுத்து ஒளித்துவிடலாமா என்றுகூட அக்காவுக்குத் தோன்றியது. கோக்க முடியாமல் போனால் இவளை எப்படித் தேற்றுவது?

"அக்கா, ஒண்ணு சொன்னா சிரிக்கக் கூடாது."

"சிரிக்கற மாதிரி இருந்தா சிரிப்பேன்."

"ரெண்டு நாளா வெளிச்சம் தெரியுது. வட்டமா."

இழைப்புளி நின்றது. மரச் சுருள் ஒன்று காலடியில் விழுந்தது. பார்வை திரும்பிவிட்டது என்று அவளுக்குச் சந்தோஷம்.

"வட்டத்துக்குள்ள ஒரு கட்டில் இருக்கு. யாரோ படுத்திருக்காங்க. தலையில வெள்ளையா என்னமோ சுத்தியிருக்கு. இன்னிக்கு ரொம்பப் பக்கத்துல தெரியறாங்க."

"கனவு கண்டிருப்பே. சும்மா படு."

சொல்லிவிட்டாள். ஆனால் கை வேலையில் ஓடவில்லை. மரத்தூள் மணத்தோடு வேறு ஏதோ மணம் கலந்து வந்தது. கண்ணுக்கு விடும் மருந்தின் மணம். அது உள்ளறையிலிருந்து வரவில்லை. மேசை மேலிருந்துதான் வந்தது. அவள் மெதுவாகத் திரும்பினாள். இந்த முறை குழாய் ஒரு சாண் நீண்டிருந்தது, யாரோ குறி பார்த்து, படம் தெளிவாகும் வரை இழுத்து நிறுத்தியதைப் போல.

கடைக்காரர் சொன்னது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. சட்டென்று அதைத் தூக்கிச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தாள். பித்தளை உடம்புச் சூட்டில் இருந்தது.

"அக்கா, கட்டில் போயிடுச்சு." உள்ளேயிருந்து குரல் வந்தது. "இப்ப சுவர். கீழேயிருந்து மேல வரைக்கும் விரிசல்."

சுவரில் விரிசல் இருந்தது. கீழேயிருந்து மேல்வரை.

அதற்குப் பிறகு அவள் யோசிக்கவில்லை. யோசிக்கப் பயமாக இருந்தது. பெட்டியை முடித்துவிட வேண்டும், சனியனை உள்ளே வைத்துப் பூட்டி அனுப்பிவிட வேண்டும், அவ்வளவுதான். கீல்களை முடுக்கும்போது திருப்புளி இரண்டு முறை நழுவி விரலைக் குத்தியது. குழாயை உள்ளே தள்ளி, பச்சைத் துணி ஒட்டிய பள்ளத்தில் தொலைநோக்கியை இறக்கினாள். இம்மி பிசகாமல் பொருந்தியது. தன் கைவேலையைப் பார்த்து வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் அருவருத்தாள். மூடினாள். கொக்கியை மாட்டினாள்.

"அக்கா!"

அலறல்.

"ஏன் விளக்கை அணைச்சே? அக்கா, ஒண்ணுமே தெரியலை!"

அவள் பதறிக் கொக்கியை எடுத்தாள். மூடி விரிந்தது.

"இப்ப சரி," என்றாள் தங்கை, மூச்சு வாங்க. "ஆனா எல்லாம் பச்சையா இருக்கு. துணி மாதிரி."

வாசலில் செருப்புச் சத்தம். நர்ஸ் வந்துவிட்டாள். வேண்டாம், இன்று பிரிக்க வேண்டாம் என்று சொல்ல அக்கா வாயெடுத்தாள். எதைச் சொல்லித் தடுப்பது? நர்ஸ் சிரித்துக்கொண்டே உள்ளறைக்குப் போய்க் கட்டைப் பிரித்தாள். பஞ்சை எடுத்தாள். கண்ணுக்குள் டார்ச் அடித்துப் பார்த்தாள்.

"ரெண்டு கண்ணும் பளிச்சுன்னு இருக்கு. ஊசியும் கையுமா இருக்கியே, எங்கே, நூலைக் கோ பார்க்கலாம்."

தங்கை ஊசியை முகத்துக்கு நேராகப் பிடித்தாள். நூல் நுனி ஊசியைத் தாண்டிப் போனது. மறுபடியும் தாண்டிப் போனது. அழகான, தெளிந்த கண்கள். அவை ஊசியைப் பார்க்கவில்லை.

"பச்சைதான் தெரியுது," என்றாள்.

அக்கா பெட்டிக்குள் கையை விட்டாள். தொலைநோக்கியை எடுத்து, பெரிய கண்ணாடியைத் தன் முகத்துக்கு நேராகத் திருப்பினாள்.

"அக்கா! உன் முகம் தெரியுது!" உள்ளறையில் தங்கை குதூகலமாகக் கத்தினாள். அவள் முகம் நர்ஸைப் பார்த்தபடியே இருந்தது. "ஏன் அழறே? எனக்குத்தான் பார்வை வந்துடுச்சே!"

வாசலில் ஆள் நிழல் விழுந்தது. கடைக்காரர் அக்காவின் கையிலிருந்ததைப் பார்த்தார். உள்ளறையைப் பார்த்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

"பெட்டியில வைங்கம்மா," என்றார். "நான் கிளம்பணும்."

அவள் அசையவில்லை. அவர் வந்து தொலைநோக்கியைப் பிடித்தார். அவள் விடவில்லை. கண்ணாடியில் இப்போது அவருடைய முகம் விழுந்தது.

"யாருக்கா அது?" என்று கேட்டாள் தங்கை. சிரிப்பு போய்விட்டது. "என்னை எங்கே எடுத்துட்டுப் போறாரு?"

அவளுடைய கண்கள் இமைக்காமல், ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லாமல் வறண்டு கிடந்தன. பெரிய கண்ணாடியின் விளிம்பில் நீர் திரண்டது. பித்தளை வழியாக வெதுவெதுப்பாக இறங்கி, அக்காவின் விரல்களுக்கிடையே வழிந்து, திறந்திருந்த பெட்டியின் பச்சைத் துணியில் சொட்டத் தொடங்கியது.