உள்ளே என்ற சொல்லுக்குப் பிறகு

ஞாயிற்றுக்கிழமை மதியம் அவள் அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது தெருவில் வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது. மருந்துக் கடைக்கும் சைக்கிள் பழுது பார்க்கும் கடைக்கும் நடுவில், மூச்சை அடக்கிக்கொண்டு நிற்பதுபோல் ஒடுங்கி நின்றது வீடு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் ஓர் எழுத்தாளர் அதில் வாழ்ந்து, எழுதி, அங்கேயே இறந்தும் போனார். அவர் புகழைக் காக்கும் இலக்கியச் சங்கம் இப்போது அந்த வீட்டையும் காத்து வந்தது. சங்கத்தில் யாரும் அவர் பெயரைச் சொல்வதில்லை. பெரியவர் என்பார்கள், மாடியில் தூங்குகிற மாமனாரைச் சொல்வதுபோல.

பார்வையற்றவர்களுக்காகப் புத்தகங்களை வாசித்து ஒலிப்பதிவு செய்வது அவள் வேலை. மகள் போன பிறகு அவள் ஒலிப்பதிவுக் கூடத்தின் பக்கமே போகவில்லை. இரண்டு வரிக்கு மேல் குரல் எழும்பவில்லை. சங்கத்தின் பழைய வாசகருக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை என்று யாரோ அவளைக் கேட்டு அனுப்ப, போய்த்தான் பாரேன் என்று தள்ளிவிட்டவர் கணவர். குரல் திரும்பி வருமா என்று அவருக்கும் தெரிய வேண்டியிருந்தது.

வாசலில் வரவேற்றவரைச் சங்கத்தில் காற்புள்ளி என்று கூப்பிட்டார்கள். அச்சகத்தில் பிழை திருத்துபவராக இருந்தவர். ஒரே ஒரு காற்புள்ளிக்காக ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நிறுத்தியவராம். அவர் அவளுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டினார். கூடத்தின் ஒரு கோடியில் சிவப்புக் கயிறு கட்டித் தடுத்த கட்டில். அதன்மேல் சுருக்கமில்லாத வெள்ளை விரிப்பு. அதைப் பார்த்தபடி நாற்காலிகள். மறு கோடியில், தெருக்கதவை ஒட்டி, வாசகருக்கான ஒற்றை நாற்காலி. எங்கும் பாச்சை உருண்டை வாசம். கட்டிலின் நீளத்தைக் காட்டி, பெரியவர் நல்ல உயரம் என்று காற்புள்ளி தன் தாத்தாவைப் போலப் பெருமைப்பட்டுக்கொண்டார்.

வழக்கத்தையும் அவர்தான் விளக்கினார். மாதம் ஒரு முறை, பெரியவர் முடிக்காமல் விட்ட நாவலின் கடைசி அத்தியாயத்தை வாசிப்பார்கள். காய்ச்சலில் கிடக்கும் தாய்க்காக ஒரு சிறுமி மழையில் வைத்தியரைத் தேடி ஓடுகிறாள். ஊரெல்லாம் அலைந்துவிட்டுத் தனியாகத் திரும்பி வருகிறாள். 'அவள் கதவைத் தட்டினாள். உள்ளே' என்ற இடத்தில் பெரியவரின் பேனா நின்றுவிட்டது. அன்றே அவர் உயிரும் போயிற்று. அதற்கு மேல் ஒரு சொல்லும் சேர்க்கக் கூடாது என்பது சங்கத்தின் முதல் விதி. அந்தச் சொல்லோடு நிறுத்திவிட்டு எல்லோரும் எழுந்து நின்று மௌனம் காப்பார்கள்.

"அப்போ கதவு தட்டற சத்தம் கேக்கும்மா. பயந்துடாதீங்க. பெரியவர்தான்."

தபால்காரர் வருவார் என்பதுபோல் சொன்னார். பக்கத்தில் நின்ற சங்கத் தலைவி, பழைய வரலாற்று ஆசிரியை, காதுக் கருவியைச் சரி செய்துகொண்டே, போன மாதம் பழைய வாசகர் இருமி இருமி வாசித்ததில் பெரியவர் கோபித்துக்கொண்டு வரவே இல்லை என்றார். சுற்றியிருந்தவர்கள் சிரித்தார்கள்.

யாராவது கதவைத் திறந்து பார்த்ததுண்டா என்று அவள் கேட்டாள். காற்புள்ளியின் முகம் சுருங்கிவிட்டது. மௌனத்தில் யாரும் அசையக் கூடாது, அதுவும் விதி என்றார். வயதானவர்களின் விளையாட்டு என்று அவளும் விட்டுவிட்டாள்.

வாசிக்கத் தொடங்கினாள். முதல் பக்கத்தில் குரல் இடறியது. பிறகு மழை வந்தது, சிறுமி ஓடினாள், இவளுடைய குரலும் பின்னாலேயே ஓடியது. திறக்காத கதவுகள், குரைக்கும் நாய்கள், சேற்றில் தொலைந்த ஒரு செருப்பு. ஜன்னல் கம்பிகளின் நிழல் வெயிலில் தரைமேல் அசையாமல் கிடந்தது. ஆனாலும் எங்கிருந்தோ ஈர மண் வாசம் வந்தது. பாச்சை உருண்டை வாசத்தையும் மீறிக்கொண்டு வந்தது.

'அவள் கதவைத் தட்டினாள். உள்ளே.'

நிறுத்தினாள். நாற்காலிகள் நகர்ந்தன. எல்லோரும் கட்டிலைப் பார்த்துத் தலை குனிந்து நின்றார்கள்.

டொக். டொக்.

அவளுக்கு மட்டும்தான் கதவு அவ்வளவு பக்கத்தில் இருந்தது. பலகை அதிர்வதைக் கண்ணால் பார்த்தாள்.

அதிர்ந்த இடம் தாழ்ப்பாளுக்குக் கீழே இருந்தது. அவள் இடுப்பு உயரத்தில்.

மறுபடியும் தட்டல். இப்போது இன்னும் மெதுவாக. மூக்கை உறிஞ்சும் சத்தம் ஒன்று. கதவின் அடியில் தண்ணீர் கசிந்து அவள் செருப்பு வரை வந்து நின்றது.

பெரியவர் இல்லை.

மாதம் தவறாமல் இவர்கள் அந்தக் குழந்தையை மழையில் ஓடவிட்டு, கதவு வரை கொண்டு வந்து, அங்கேயே நிறுத்திவிட்டுத் தேநீர் குடிக்கப் போயிருக்கிறார்கள்.

அவளுக்கு ஒரு கண்ணாடிக் கதவு நினைவுக்கு வந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு. உள்ளேயிருந்து மகள் கூப்பிடுவது கேட்டது. பார்வை நேரம் முடிந்துவிட்டது, காலையில் வாருங்கள் என்று தாதி தன்மையாகத்தான் சொன்னாள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். விடிவதற்குள் கூப்பிடும் குரல் நின்றுபோயிருந்தது.

"மேடம், இது அவர் இல்லை. சின்னக் குழந்தை," என்றாள்.

தலைவி உதட்டில் விரல் வைத்தார். காற்புள்ளி கைகூப்பிய வாக்கிலேயே, வேண்டாம் என்று தலையாட்டினார்.

அவள் புத்தகத்தை மூடினாள். மூடிய புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு தொடர்ந்து வாசித்தாள்.

"உள்ளே விளக்கு எரிந்துகொண்டிருந்தது. ஒருத்தி எழுந்து வந்து கதவைத் திறந்தாள்."

எழுந்து, திறந்தாள்.

வெளியே வெயில். சைக்கிள் கடைக்காரர் ஒரு டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார். வேறு யாருமில்லை. ஆனால் அவள் இடுப்பை உரசிக்கொண்டு குளிர்ச்சி ஒன்று உள்ளே போயிற்று.

தரையில் ஈரக் கால்தடங்கள். சின்னஞ்சிறியவை. ஒன்றில் செருப்பின் அச்சு, மற்றதில் ஐந்து விரல்கள். சிவப்புக் கயிற்றின் அடியில் நுழைந்து நேராகக் கட்டிலுக்குப் போயின. வெள்ளை விரிப்பின் ஓரம், இரண்டு கைகள் ஊன்றியதுபோல் அழுந்தியது.

கட்டில் காலியாக இருந்தது.

அழுகை தொடங்கியது.

பெரிய சத்தமில்லை. அடம்பிடிக்கிற அழுகையும் இல்லை. தேடிக் களைத்த குழந்தை யாருக்கும் கேட்காமல் அழுகிற அழுகை. அது சுவரிலிருந்தும் விட்டத்திலிருந்தும் வந்தது. நாற்காலிகள் சாய்ந்தன. வாசலில் நெருக்கியடித்துக்கொண்டு எல்லோரும் வெளியேறினார்கள். காற்புள்ளி அவள் கையைப் பிடித்து இழுத்துப் பார்த்து, முடியாமல், அவரும் வெளியே போனார்.

அழுகை நடுவில் ஒரு நொடி நின்றது. அவள் முழங்காலுக்குப் பக்கத்தில் யாரோ அண்ணாந்து பார்ப்பதை உணர்ந்தாள்.

"அம்மா?"

அது அவள் மகளின் குரல் இல்லை. மகளுக்குக் கரகரத்த குரல். இது நூல்போல் மெலிந்திருந்தது. இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருக்கத்தான் வேண்டும். அந்தச் சொல்லால் அவளை யாரும் கூப்பிட்டு வெகு காலமாகியிருந்தது.

"ம்ம்," என்றாள். "இங்கதான்டா இருக்கேன்."

அழுகை அடங்கியது.

தரையில் உட்கார்ந்து, காற்றைப் பார்த்தபடி, எழுதப்படாத கதையைச் சொல்லத் தொடங்கினாள். அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. குழந்தையின் தலையைத் துவட்டினாள். உலர்ந்த சட்டை போட்டுவிட்டாள். அவள் நிறுத்தினால் விசும்பல் எழுந்தது, அதனால் நிறுத்தவில்லை. குரல் ஓரிடத்திலும் இடறவில்லை. வெயில் ஜன்னலை விட்டு இறங்கியபோது, குழந்தை தூங்கிப்போனாள் என்று முடித்தாள். மடி பாரமாக இருந்தது.

வாசற்படிக்கு வெளியே காற்புள்ளி நின்றிருந்தார். போகாமல் அங்கேயே நின்றிருக்கிறார் போலும்.

"தூங்கிட்டாளா?" என்று கிசுகிசுத்தார்.

தலையசைத்தாள்.

"நான் சின்ன வயசிலேருந்து இங்க கைகூப்பி நிக்கறேன்மா. ஒரு தடவை திரும்பிப் பார்த்திருந்தா..." சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவள் வீட்டுக்கு நடந்தே போனாள். ஏனோ பேருந்து பிடிக்கத் தோன்றவில்லை. வழக்கத்தைவிட மெதுவாக நடந்தாள்.

கதவைத் திறந்த கணவர் முதலில் கேட்டது, வாசிக்க முடிந்ததா என்றுதான். முடிந்தது என்றாள். அவர் முகத்தில் ஓர் இறுக்கம் தளர்ந்தது. ஒதுங்கி வழிவிட்டார். அவள் உள்ளே வந்து செருப்பைக் கழற்றினாள்.

அவர் கதவைச் சாத்தவில்லை.

பின்னால் மெதுவாக வரும் யாருக்காகவோ காத்திருப்பதுபோல், கதவைப் பிடித்தபடி இருண்ட மாடிப்படியைப் பார்த்து நின்றார். கொஞ்ச நேரம் கழித்துச் சாத்தினார். சாத்தும்போது, மகள் போன நாளிலிருந்து அவரிடம் அவள் கேட்டிராத குரலில் சொன்னார்:

"காலைத் துடைச்சுட்டு வா."

அவள் குனிந்து பார்த்தாள். அவள் கால்கள் காய்ந்திருந்தன.