ஏற்றி வைத்த கண்ணாடி

கேமரா இருந்தது, லென்ஸ் இருந்தது, மெமரி கார்டு மட்டும் இல்லை. புகைப்படக்காரி ஸுல்மிரா காரின் முன்சீட்டில் பையை மறுபடியும் கவிழ்த்துப் பார்த்தாள்.

"போச்சு சார்ஜென்ட். அன்செல்மோவைக் காப்பாத்த அது ஒண்ணுதான் இருந்துச்சு."

போலீஸ் சார்ஜென்ட் கித்தேரியா தன் ஜீப்பைத் திரும்பிப் பார்த்தாள். அதில்தான் அன்செல்மோ காலையிலிருந்து காவலில் உட்கார்ந்திருந்தான். முந்தின நாள் காட்டுத்தீயை மறிக்க, அதற்கு எதிரே இன்னொரு தீ மூட்டிய தீயணைப்பு வீரன். காற்று திரும்பியது. லிபோரியோவின் செஸ்ட்நட் தோப்பு அடியோடு சாம்பலானது. தீயணைப்புக் குழுத் தலைவர் நொர்பெர்த்தோ சொல்லித்தான் மூட்டினேன் என்றான் அன்செல்மோ. நான் சொல்லவே இல்லை என்றார் நொர்பெர்த்தோ. யார் பேச்சு எடுபடும் என்று சொல்லவா வேண்டும்? சிறைக்குப் போகிறவன் அன்செல்மோதான்.

"தலைவரே தீப்பந்தத்தை அவன் கையில கொடுக்குறது என் படத்துல இருக்குன்னு சாப்பாட்டு மேசையில எல்லார் முன்னாடியும் உளறினேன். என் வாயைத் தைக்கணும்," என்றாள் ஸுல்மிரா.

"அப்புறம்?"

"சரிவுல மறுபடி பிடிச்சுக்கிச்சுன்னு கத்தினாங்க. இன்னொரு கேமராவைத் தூக்கிக்கிட்டு ஓடினேன். வண்டிக்குள்ள அடுப்பு மாதிரி கொதிச்சுது, கண்ணாடியெல்லாம் இறக்கியே விட்டுட்டேன்."

கித்தேரியா காரைச் சுற்றி வந்தாள். நான்கு கண்ணாடிகளும் ஏறியிருந்தன. தீ முகாம் வழக்கப்படி சாவி வண்டியிலேயே இருந்தது. பக்கத்தில் லிஸ்பன் பத்திரிகைக்காரன் தெல்மோவின் கார். திறந்த ஜன்னல் வழியே பறந்து வந்த பொறி பின்சீட்டைப் பாதி தின்றிருந்தது.

தீயணைப்பு வீரர்கள் எல்லாரும் சரிவில் இருந்தபோது, கால்பந்து மைதானத்து முகாமில் நடமாடியவர்கள் மூன்று பேர்: தெல்மோ, தோப்புக்காரர் லிபோரியோ, தலைவர் நொர்பெர்த்தோ.

தெல்மோ புலம்பினான். "எனக்கு இதுதான் முதல் காட்டுத்தீ. பொறி இவ்வளவு தூரம் வரும்னு யாராவது சொல்லியிருக்கலாம்ல?"

"அவ படம் காணாம போனா உன் படத்துக்குத்தானே கிராக்கி?"

"என் படத்துல வெறும் புகைதான் மேடம். அதை யார் கேட்கப் போறாங்க?"

லிபோரியோ கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "அவன் உள்ளே போகணும். அதுல மாத்துப் பேச்சே இல்ல. எங்கப்பா நட்ட மரம்மா எல்லாம். அதுக்காகத் திருடுவேனா?"

"எதுல வந்தீங்க?"

"டிராக்டர்லதான். கார் எல்லாம் நான் தொட்டதே இல்ல."

கடைசியாக நொர்பெர்த்தோவின் வண்டி வந்து நின்றது. "சீக்கிரம் கேளும்மா, மேலே ஆளுங்க காத்துக்கிட்டிருக்காங்க," என்று பேச்சை நிறுத்தாமலே கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, சாவியை அப்படியே விட்டு இறங்கினார்.

"ஸுல்மிரா கார் பக்கம் போனீங்களா?"

"எனக்கென்ன வேலை அங்கே?"

"கார்டை எடுக்க வந்தவன் எடுத்தோமா ஓடினோமான்னு போயிருக்கணும் தலைவரே. இவன் நின்னு, சாவியைத் திருப்பி, நாலு கண்ணாடியையும் ஏத்திட்டுப் போயிருக்கான். பொறி உள்ளே வரும்னு தெல்மோவுக்குத் தெரிஞ்சிருந்தா தன் சீட்டைக் காப்பாத்தியிருப்பான். லிபோரியோ கார் தொட்டதில்ல. இறங்கும்போது கண்ணாடியை ஏத்துறது உங்க ஆளுங்க கைப்பழக்கம். அந்த நேரத்துல உங்க ஆளுங்கள்ல, காவல்ல இருந்த அன்செல்மோவை விட்டா, கீழே இருந்தது நீங்க ஒருத்தர்தான். இப்பகூட ஏத்திட்டுத்தான் இறங்கினீங்க."

நொர்பெர்த்தோ திரும்பித் தன் வண்டியைப் பார்த்தார். பிறகு சட்டைப்பையிலிருந்து கார்டை எடுத்து நீட்டினார்.

"தோப்பைக் கொளுத்தின தலைவன்னு பேர் வாங்க மனசு வரல. அந்தப் பொண்ணு காராவது எரியாம இருக்கட்டும்னு... யோசிச்சுச் செய்யலம்மா. கை தானா போயிடுச்சு."

கித்தேரியா அன்செல்மோவை இறக்கிவிட்டு, அதே இடத்தில் அவரை உட்காரவைத்தாள். மைதானத்துக்கு மேலே மறுபடி பொறி பறக்கத் தொடங்கியிருந்தது. ஜீப்பின் ஜன்னல் திறந்திருந்தது. அன்செல்மோ குனிந்து உள்ளே பார்த்தான். வாய்வரை வந்த வசவை விழுங்கிக்கொண்டான்.

"கண்ணாடியை ஏத்திக்குங்க, தலைவரே," என்றான்.