ஒருவழிக் குரல்

நான்காம் மாடியில் அவள் கொழுந்தன் ரேடியோ இன்னும் ஒரு போனைக்கூட மாட்டியிருக்கவில்லை. ஆனால் அவளுடைய திரையில், நான்காம் மாடிக்கென்று ஒதுக்கிய இடத்தில், ஒரு போன் பச்சையாக எரிந்துகொண்டிருந்தது.

அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தாள். பச்சைதான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். அலுவலகம் முழுக்கக் காலி. மறுநாள் ஆட்கள் வந்து உட்காரும்போது பழைய தொலைபேசிகள் எல்லாம் போய், கம்ப்யூட்டர் வலையிலேயே பேசுகிற புதிய போன்கள் மேசைகளில் இருக்க வேண்டும். அதற்காகத்தான் அவளும், அவள் கணவனின் தம்பியும் வந்திருந்தார்கள். அவனை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. காலையில் கண் விழித்தால் ஆரம்பிக்கிற பேச்சு தூங்கினால்தான் நிற்கும் என்பதால் வீட்டில் ரேடியோ, வேலையிலும் ரேடியோ. இரண்டு வருடம் வேலையில்லாமல் சுற்றிக்கொண்டிருந்தவனைத் தன் நிறுவனத்தில் சேர்த்துவிட்டது அவள்தான். மாடி மாடியாகப் போய் போனை மாட்டி, அதிலிருந்து அவளைக் கூப்பிட்டுச் சோதிப்பது அவன் வேலை. நிலவறையில், சர்வர் அறையில் உட்கார்ந்து அதற்கு உயிர் கொடுப்பது அவள் வேலை.

அந்த அறைக்குப் பகலும் இல்லை இரவும் இல்லை. குளிரூட்டி விடாமல் இரைந்தது, சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசனை மூக்கின் அடியில் தங்கி வாய்க்குள் கசப்பாக இறங்கியது, கறுப்பு அலமாரிகளில் நூற்றுக்கணக்கான சின்ன விளக்குகள் தங்களுக்குள் ஏதோ ரகசியம் பேசுவதுபோல மினுக்கிக்கொண்டிருந்தன. வாசலில் காவலாளி இருவரின் செல்போன்களையும் வாங்கி இழுப்பறையில் போட்டுப் பூட்டியிருந்தார். கேமரா உள்ள எதுவும் உள்ளே வரக்கூடாதாம். பிறகு வெளியிலிருந்து வாசல் கதவைப் பூட்டிக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

மேசைப் போன் ஒலித்தது. மூன்றாம் மாடி.

"அண்ணி, மூணாவது மாடி முடிஞ்சுது. மேனேஜர் நாற்காலில உக்காந்துதான் பேசுறேன். உங்க சம்பளத்த ஏத்தி விட்டுடட்டுமா?"

"முதல்ல வேலைய முடி. நாலாவது மாடிக்குப் போனியா நீ?"

"இல்லியே. பெட்டியெல்லாம் இன்னும் எங்கிட்டதான் இருக்கு."

"அங்க ஒரு போன் உயிரோட இருக்குடா."

"பேய் ஏதாவது வேலைக்குச் சேந்திருக்கும். பாவம், ஞாயித்துக்கிழமைகூட லீவு குடுக்கல போல."

"வெளையாடாத. நமக்கு முன்னாடி வந்த ஆளுங்க மாட்டிட்டு மறந்திருப்பாங்க. போய்ப் பாரு. அதுலேருந்தே எனக்குப் போடு."

சொல்லிவிட்டு அவள் தண்ணீர் குடித்தாள்.

சற்று நேரத்தில் அந்தப் பச்சை விளக்கிலிருந்து அழைப்பு வந்தது. கைகள் வேலையாக இருந்ததால் ஸ்பீக்கரில் போட்டாள்.

"அண்ணி? ஹலோ?"

"சொல்லு."

"ஹலோ, அண்ணி? கேக்குதா?"

"கேக்குதுடா, சொல்லு."

"ஹலோ?"

அவளுக்குப் புரிந்தது. அவன் குரல் இங்கே வருகிறது. அவள் குரல் அங்கே போகவில்லை. இந்தத் தொழிலில் இதைவிடச் சாதாரணமான கோளாறு கிடையாது. குரல் வருவதற்கு ஒரு பாதை, போவதற்கு ஒரு பாதை. போகிற பாதையை ரூட்டரில் யாரோ எழுத மறந்திருப்பார்கள்.

ரேடியோவுக்கும் புரிந்துவிட்டது. "உங்க குரல் வரல அண்ணி. என் குரல் உங்களுக்கு வரும்னு நெனைக்கிறேன். எங்க அண்ணன்கிட்ட பேசுற மாதிரியே இருக்கு, நான் மட்டும்தான் பேசணும். நீங்க சரி பண்ணுங்க, நான் பேசிட்டே இருக்கேன். அது ஒண்ணுதான் எனக்கு ஒழுங்கா வரும்."

அவள் சிரித்துக்கொண்டே விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள்.

"இந்த மாடி இன்னும் யாருக்கும் குடுக்கல போல. பெரிய ஹால். நாற்காலிக்கெல்லாம் பிளாஸ்டிக் உறை போட்டு வரிசையா நிறுத்தி வச்சிருக்காங்க. ஜன்னல்ல பேப்பர் ஒட்டி இருட்டா இருக்கு. போன் நடுவுல, தரையில இருக்கு அண்ணி. மேசையில இல்ல. நான் மண்டி போட்டுதான் பேசுறேன். அப்புறம் ரிசீவர்..." அவன் நிறுத்தினான். ரேடியோ நடுவில் நிறுத்துவது அபூர்வம். "ரிசீவர் சூடா இருக்கு. யாரோ ரொம்ப நேரம் காதுல வச்சிருந்துட்டு இப்பத்தான் கீழ வச்ச மாதிரி. பிசுபிசுன்னு வேற இருக்கு."

அப்போதுதான் அவள் அதைக் கேட்டாள். அவன் குரலுக்குப் பின்னால், தூரத்தில், பிளாஸ்டிக் உறை ஒன்று மெல்ல, மிக மெல்ல, யாரோ தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்று கவனமாக எழுந்துகொள்வதுபோலச் சரசரத்தது.

"ரேடியோ," என்றாள்.

"கையெல்லாம் ஒட்டுது. என்னன்னு தெரியல, ஒரு மாதிரி வாடை..."

மறுபடி சரசரப்பு. இந்த முறை அருகில்.

"டேய், உன் பின்னால யாரோ இருக்காங்க. டேய்!"

அவள் ஸ்பீக்கரை நோக்கிக் குனிந்து கத்தினாள். அவன் துணியில் கையைத் துடைக்கிற சத்தம் கேட்டது. அவன் எதையோ சொல்லித் தானே சிரித்துக்கொண்டான். அவனுக்குப் பின்னால் ஒரு காலடி தரையைத் தொட்டது. இன்னொன்று. அதை அவள் கேட்டாள். நான்கு மாடிக்குக் கீழே இருந்தவள் கேட்டாள், பக்கத்தில் இருந்தவன் கேட்கவில்லை. அவன்தான் பேசிக்கொண்டே இருந்தானே.

பிறகு அவன் பேச்சு நின்றது.

"சார்? நீங்க ஆபீஸ் ஆளா சார்? நாங்க போன் மாட்ட வந்தவங்க."

காலடி இன்னும் நெருங்கியது.

"கீழ எங்க அண்ணி இருக்காங்க, அவங்ககிட்ட லெட்டர் இருக்கு, காட்டச் சொல்றேன். சார், அத கீழ வைங்க சார். சார்..."

நனைந்த மூட்டையைத் தரையில் அடித்ததுபோல ஒரு சத்தம்.

ரிசீவர் கீழே விழுந்து உருண்டது. அதன்பின் வந்த ஒலியை அவள் முதலில் ரேடியோவினுடையது என்றே நினைக்கவில்லை. ஒரு மனிதன் மூச்சை உள்ளே இழுக்க முயன்று, இழுக்க முடியாமல், தொண்டையில் எதுவோ கொழகொழவென்று தடுக்க, மறுபடி முயல்கிற ஒலி. அடுத்த அடி. அதற்கடுத்தது. அவசரமே இல்லை. கோபம்கூட இல்லை. வேலை தெரிந்த ஒருவன் வேலை செய்வதுபோல, ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரே அளவு இடைவெளி விட்டு.

அவள் பக்கத்திலிருந்த இன்னொரு போனை எடுத்து அவசர எண்ணை அழுத்தினாள்.

"அவசர உதவி. சொல்லுங்க." ஒரு பெண் குரல்.

"ஒருத்தன அடிச்சுக் கொல்றாங்க, சீக்கிரம் வாங்க, இங்க..."

"ஹலோ? சொல்லுங்க."

"கொல்றாங்கம்மா!"

"ஹலோ, உங்க குரல் வரல. சும்மா வெளையாட்டுக்குப் போடாதீங்க. வேற யாருக்காவது இந்த லைன் தேவைப்படும்."

அந்தப் பெண் துண்டித்துவிட்டாள்.

அவள் ரிசீவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வெளியே போகிற அழைப்புகளைக் கொண்டுபோகும் கேட்வே கருவியும் நான்காம் மாடியின் அதே வலையில்தான் இருந்தது. மேலே போகாத குரல் வெளியேயும் போகாது. மாடிப்படிக்கு ஓடலாம். ஓடினால் பூட்டிய வாசல்தான். அல்லது நான்காம் மாடி.

"அண்ணி."

ஸ்பீக்கரில், தரையோடு தரையாக, பற்கள் இருக்க வேண்டிய இடத்தில் பற்கள் இல்லாத வாயிலிருந்து.

"அண்ணி... கேக்குதுன்னா... மேல வராதீங்க."

ஏதோ முறிந்தது. பச்சை மட்டை முறிகிற மாதிரி.

அவள் உட்கார்ந்தாள். விசைப்பலகையை இழுத்துக்கொண்டாள். விட்டுப்போன அந்த ஒற்றை வரி. இந்தக் குரல் இந்த வழியாக அந்த வலைக்குப் போக வேண்டும் என்கிற ஒரு வரி. எழுதினாள். தவறு என்றது திரை. அடி விழுந்தது. அழித்தாள். எழுதினாள். மறுபடி தவறு. அடி. எண்கள் கண்ணீரில் கலைந்தன. புறங்கையால் துடைத்தாள். அடி. ஸ்பீக்கரை அணைத்துவிடலாம். கை போனது. அணைத்தால் அவன் அங்கே தனியாகச் சாவான். கையை எடுத்துக்கொண்டாள். எழுதினாள். ஒவ்வோர் எண்ணாக, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே.

திரை ஏற்றுக்கொண்டது.

அவசர எண்ணை மறுபடி அழுத்தினாள்.

"அவசர உதவி. சொல்லுங்க."

"ஹலோ, கேக்குதா? தயவுசெஞ்சு கேக்குதுன்னு சொல்லுங்க."

"கேக்குதும்மா. பதட்டப்படாதீங்க. என்ன ஆச்சு?"

அவள் மேசையைப் பிடித்துக்கொண்டு தெருப் பெயரைச் சொன்னாள், கட்டடத்தைச் சொன்னாள், நான்காம் மாடி என்றாள், என் கொழுந்தன் என்றாள்.

"வண்டி கெளம்பியாச்சு. நீங்க எங்க இருக்கீங்க?"

"கீழ. நிலவறையில, சர்வர் ரூம்ல."

"கூட யாராவது இருக்காங்களா?"

"இல்ல. நான் தனியாத்தான் இருக்கேன்."

"கதவு பூட்டியிருக்கா?"

"இல்ல, தெறந்துதான் இருக்கு."

அப்போது மேசைப் போனின் ஸ்பீக்கரிலிருந்து, காலி ஹாலில் எதிரொலித்து, ஒரு கணம் தாமதமாக அவள் குரலே அவளுக்குத் திரும்பி வந்தது.

தெறந்துதான் இருக்கு.

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நான்காம் மாடி அழைப்பை அவள் துண்டிக்கவே இல்லை. பாதை திறந்துவிட்டது. அவள் பேசியது ஒவ்வொன்றும் மேலே, தரையில் கிடக்கும் ரிசீவர் வழியாக, அந்த இருட்டில் கேட்டிருக்கிறது. தெருப் பெயர். நிலவறை. தனியாக.

அடி நின்றிருந்தது. எப்போது நின்றது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ரிசீவர் தரையில் உரசியது. யாரோ எடுத்தார்கள். காதில் வைத்துக்கொள்ளும் ஈர ஒலி. சீரான, களைப்பே இல்லாத மூச்சு. அது கேட்டுக்கொண்டிருந்தது. நிதானமாக, வெகுநேரம் காதில் வைத்துக் கேட்டுப் பழகிய ஒன்றைப்போல.

பிறகு ரிசீவரை வைத்துவிட்டது.

"அம்மா? லைன்ல இருக்கீங்களா?" என்றாள் அவசர உதவிக்காரி.

அவள் ரிசீவரை மேசையில் போட்டுவிட்டு ஓடிக் கதவைச் சாத்தினாள். மேல் தாழ். கீழ் தாழ். நாற்காலியை இழுத்துக் கைப்பிடிக்கு முட்டுக் கொடுத்தாள். விளக்கை அணைத்தாள். கதவில் முகமளவுக்கு ஒரு சதுரக் கண்ணாடி. அதற்குப் பின்னால் வெளிச்சமான தாழ்வாரம். கடைசியில் லிப்ட்.

லிப்ட் இறங்கும் சத்தம்.

கதவுகள் திறந்தன. யாரும் வெளியே வரவில்லை. பிறகு எதையோ இழுத்து வருகிற சத்தம். இழுத்து, நின்று, இழுத்து. கண்ணாடிக்குக் கீழே, அவள் பார்வைக்கு எட்டாத இடத்தில் வந்து நின்றது.

மேசையில் ரிசீவர் மெல்லிய குரலில் அம்மா அம்மா என்றது.

"அண்ணி."

கதவுக்கு அந்தப் பக்கமிருந்து. ரேடியோவின் குரல். தெளிவாக, ஒரு காயமும் இல்லாமல், சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசுகிற அதே குரல்.

"அண்ணி, நான்தான். கதவத் தெறங்க."

அவளுக்கு அழுகை வந்தது. நாற்காலியை நகர்த்தக் கை போனது.

கண்ணாடியில் அவன் முகம் எழுந்தது. முடியைப் பிடித்து யாரோ தூக்கினார்கள். நெற்றிக்கு மேல் அந்த விரல்கள் தெரிந்தன. ஒரு கண் இல்லை. தாடை தனியாகக் கழன்று கழுத்தின்மேல் தொங்கியது. அந்த வாய் அசையவில்லை. அசையக்கூடிய வாயாகவும் அது இல்லை.

"வேலையெல்லாம் முடிஞ்சுது அண்ணி, வீட்டுக்குப் போலாம்," என்றது அவன் குரல், அவன் தலைக்குப் பின்னாலிருந்து.

விரல்கள் அந்தத் தலையைப் பின்னால் இழுத்தன. கண்ணாடியில் மோதின. மறுபடி இழுத்தன. மோதின. ஒவ்வொன்றுக்கும் இடையில் ஒரே அளவு இடைவெளி. அந்த இடைவெளியில் ரேடியோ பேசிக்கொண்டே இருந்தான். கண்ணாடியின் நடுவில், ரத்தத்துக்கு அடியில், மயிரிழைபோல ஒரு விரிசல் ஓடி நான்கு மூலைகளையும் தொட்டது.