பதினாறு நாளுக்கு ஒரு பார்வை

குழாய்த் தண்ணீர் அவள் முகத்தில் அடித்ததுதான் முதல் சந்திப்பு.

"ஐயையோ… பார்க்கலைங்க."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்த பிறகுதான் அந்த வயல்காரனின் கண்கள் தெரிந்தன. சிரிப்பை அடக்கப் படாத பாடு படும் கண்கள்… அதற்கும் சேர்த்துக் கோபம் வந்தது.

"இன்னைக்குப் போய் ஏன் தண்ணி விடுறீங்க?"

"செயற்கைக்கோள் பத்தரைக்கு வருதுல்ல. நீங்கதானே தேதி போட்டு லெட்டர் அனுப்புனீங்க?"

"மண்ணோட ஈரத்தை அளந்து வைங்கன்னு அனுப்புனேன்."

"அளந்தாச்சு. ஆனா படம் எடுக்க வர்றப்ப வயல் வாடிக் கிடந்தா நல்லாவா இருக்கும்? அதான் குளிப்பாட்டி விட்டேன்."

அவளுக்குத் தலை சுற்றியது. மண்ணும் பயிரும் எவ்வளவு தண்ணீரை ஆவியாக விடுகின்றன என்று, பதினாறு நாளுக்கு ஒருமுறை செயற்கைக்கோள் எடுக்கும் படத்தை வைத்து அளப்பது அவள் வேலை. ஆவி விடும் நிலம் குளிர்ந்து, படத்தில் நீலமாகும். காய்ந்த நிலம் சிவக்கும். சுற்றிலும் சிவந்து கிடக்க, அவள் அலுவலக ஆட்கள் கருவி நட்டிருந்த இவன் மக்காச்சோள வயல் மட்டும் ஐந்து படத்திலும் நீலம். ஏன் ஏன் என்று மண்டையை உடைத்துக்கொண்டாள், பாவம்… மாதக் கடைசியில் அறிக்கை வேறு.

"அஞ்சு தடவையுமா?"

"ஒண்ணைக்கூடத் தவறவிடல" என்றான் பெருமையாக.

"என் மூணு மாச வேலை நாசம். இனி இங்க தண்ணியே விடாதீங்க. விட்டா கருவியைப் பிடுங்கிட்டுப் போயிடுவேன்."

சிரித்த கண்கள் அணைந்தன. "சரிங்க" என்று குழாயை மூடினான். அந்த ஒரு 'சரிங்க' வழியெல்லாம் அவளைக் குத்தியது. திரும்பிப் போய் ஒரு வார்த்தை தன்மையாகச் சொல்லியிருக்கலாம்… வீம்பு விடவில்லை.

அடுத்த படம் வந்தது. அதே சதுரம், இப்போது அடுப்புக் கங்காய்ச் சிவந்திருந்தது. பதறிப் போன் போட்டாள். எடுத்தது அவன் அக்கா.

"நீதானாம்மா அது? பதினாறு நாளா குழாயைத் தொட மாட்டேங்கிறான். கேட்டா, அவங்க வேணாம்னாங்கங்கிறான். நீயே வந்து சொல்லித் தொலை."

போனாள். இலைகள் சுருண்டு நின்றன. அவனும்தான்.

"மூளை இருக்கா உங்களுக்கு? செயற்கைக்கோள் வர்ற அன்னிக்கு மட்டும்தான் வேணாம்னேன்."

"அப்படிச் சொல்லலையே."

சொல்லவில்லைதான்… அதுவும் எரிச்சலாக இருந்தது.

"பயிர் போனாப் பரவாயில்லையா?"

"கருவியைப் பிடுங்கிட்டா, அப்புறம் நீங்க இந்தப் பக்கம் வரவே மாட்டீங்களே."

அவள் குழாயைத் தானே திறந்தாள். செருப்பு நனைந்தது.

"ஒரே வயல்ல முழுசா நனைஞ்ச படமும் இருக்கு, முழுசாக் காஞ்ச படமும் இருக்கு. ரெண்டு எல்லையும் தெரிஞ்சா நடுவுல உள்ளதை அளந்துடலாம். அறிக்கை பிழைச்சுது."

"அப்போ நான் நல்லதுதான் பண்ணியிருக்கேன்."

"வாயை மூடுங்க."

மூடினான். அரை நிமிஷம்தான்.

"அடுத்த தடவை மேகமா இருந்தா?"

"செயற்கைக்கோளுக்கு ஒண்ணும் தெரியாது. நான்தான் நேர்ல வந்து பார்க்கணும்."

"மேகம் இல்லாட்டி?"

நனைந்த செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்…

"இல்லாட்டியும் வருவேன்."