நொண்டாத கால்

செல்வகனியின் கால் தொட்டிக்குள் நொண்டியது. மணி அடித்தது. தொட்டிக்கு வெளியே அவளுடைய சொந்தக் கால்கள் இரண்டும் நன்றாகத்தான் இருந்தன.

"மறுபடியுமா?" என்றாள் தொட்டியின் கண்ணாடியைப் பார்த்து.

தொட்டிக் கூடத்தைப் பார்த்துக்கொள்ளும் பீர் முகம்மது அந்தக் காலுக்கு அடியில் சுழன்ற ஓடுபட்டையை நிறுத்தினார். "உனக்கு மூணு நாள் ஓய்வு. மேட்டு ஓட்டம் கிடையாது. நீச்சல் மட்டும்."

"தேர்வு ஓட்டம் பக்கத்துல வந்துட்டு அண்ணே. போன வாரமும் இதே நீச்சல்தான். நான் என்ன ஓடப் போறேனா, மீன் பிடிக்கப் போறேனா?"

"எங்கிட்டச் சொல்லி என்ன செய்ய? உன் கால்ட்டச் சொல்லு."

பாளையங்கோட்டை ஓட்டக் கூடத்தில் சேரும் ஒவ்வொருவருக்கும் ஒரு முன்னோடி உண்டு. தொடையிலிருந்து ஒரு சிட்டிகைச் சதையைக் கிள்ளி எடுத்து, தொட்டிக்குள் ஒரு முழுக் காலாக வளர்த்துவிடுவார்கள். அதற்கு ஜோடியாக ஓர் உலோகக் கால். இடுப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விரல் நீளத்துக்கு நரம்பு முடிச்சு. அதற்குத் தண்டுக்கணு என்று பெயர். மூளை கிடையாது. ஓடத் தெரிந்தால் போதும், மூளை எதற்கு?

ஆள் மூன்று வாரம் கழித்து ஓடப்போவதை முன்னோடி இன்றைக்கே ஓடிப் பார்க்கும். அந்தச் சுமை தாங்காமல் எங்கேயாவது விரிசல் விட்டால் நொண்டும். ஒற்றைக் கால் எப்படி நொண்டும் என்று புதிதாக வருகிறவர்கள் கேட்பார்கள். நொண்டும். பாதத்தை அழுத்தி ஊன்றாமல், சுடுகல்லில் வைத்த மாதிரி சட்டென்று தூக்கிக்கொள்ளும். உடனே மணி அடிக்கும், பட்டை நிற்கும், தொட்டிக்குள் புது வளர்சாறு பாயும், மூன்று நாளில் விரிசல் கூடிவிடும். வெளியே இருக்கும் ஆளுக்குப் பயிற்சியைக் குறைத்துவிடுவார்கள். அவ்வளவுதான் ஏற்பாடு.

ஏற்பாடு வேலை செய்தது. ஒன்பது வருஷமாகக் கூடத்தில் ஒருவருக்கும் கணுக்கால் எலும்பு விரிசல் விட்டதில்லை, குதிகால் நரம்பு அறுந்ததில்லை. மாவுக்கட்டு போடும் அறை சத்துமாவு மூட்டை வைக்கிற அறையாகிவிட்டது. ஊன்றுகோல்கள் சமையல் கூடத்துக்குப் பின்னால் தக்காளிச் செடிகளுக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருந்தன. இயற்கையாக நொண்டுகிற ஒரே ஆள் பயிற்சியாளர் குளோரி. அவளுக்கு முழங்கால் போனது தொட்டிகள் வருவதற்கு முந்தைய காலத்தில். அவள் மைதானத்தில் நடந்துபோனால் சின்னப் பிள்ளைகள் வாயைப் பிளந்து பார்க்கும்.

செல்வகனிக்கு இருபத்தாறு வயது. பத்தாயிரம் மீட்டர் ஓடுகிறவள். இந்தத் தடவை தேசிய முகாமுக்குத் தேர்வாகவில்லை என்றால் தொட்டியை வேறொரு இளையவளுக்குக் கொடுத்துவிடுவார்கள். முன்னோடி இல்லாத ஆளை எந்தக் கூடமும் ஓட விடாது. அத்தோடு ஓட்டம் முடிந்தது. அதன்பிறகு என்ன செய்வது என்று அவள் யோசித்ததே இல்லை. யோசிக்கப் பயமாக இருந்தது.

மறுநாள் காலை பீர் முகம்மது அவளையும் குளோரியையும் தொட்டிக் கூடத்துக்கு வரச் சொன்னார். தொட்டிச் சாற்றை வடித்துப் படம் எடுத்துவிட்டு மறுபடி நிரப்பியிருந்தார். மணி அடித்தால் மட்டும்தான் வடிப்பார்கள். சும்மா வடித்தால் கால் கெட்டுப்போகும்.

"எலும்பு சுத்தமா இருக்குக்கா. தசைநாரும் சுத்தம். போன தடவையும் இதே கதைதான். ஒரு கீறல்கூட இல்ல."

"அப்பொ ஏன் நொண்டுது?" என்றாள் குளோரி.

"அதத்தான் காட்டக் கூப்பிட்டேன்."

பட்டையிலிருந்து விலகி, வளர்சாற்றுக்குள் கால் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. பீர் முகம்மது பட்டையை இணைக்காமல் மோட்டாரை மட்டும் போட்டார். உறுமல் கேட்டது. பட்டை அசையவில்லை. பாதத்துக்கு அடியில் ஊன்றுவதற்கு ஒன்றுமில்லை.

கால்விரல்கள் மடங்கின. குதிகால் மெல்ல மேலே போனது. வெறும் சாற்றில், எதன்மேலும் படாமல், கால் நொண்ட ஆரம்பித்தது.

மோட்டாரை நிறுத்தினார். கால் தளர்ந்து தொங்கியது. மறுபடி போட்டார். மறுபடி நொண்டியது.

செல்வகனிக்குத் தன் வலது தொடையில் புல்லரித்தது. இடது தொடையில் இல்லை.

"நடிக்குது," என்றாள் குளோரி கடைசியில்.

"நடிக்கணும்னா அதுக்கு முதல்ல..." என்று ஆரம்பித்தார் பீர் முகம்மது.

"முடிக்காதீரும்."

அவர் முடிக்கவில்லை. ஆனால் மூன்று பேருக்கும் புரிந்துவிட்டது. நொண்டினால் ஓய்வு கிடைக்கும் என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தது இவர்கள்தான். மணி அடிக்கும்போதெல்லாம் பட்டையை நிறுத்தி, இதமான சாற்றை ஊற்றி, வருஷக்கணக்கில் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். மூளை இல்லாத ஒன்று அதைக் கற்றுக்கொண்டுவிட்டது.

"அப்பொ இத்தனை மாசமா எனக்கு ஒண்ணுமே இல்ல," என்றாள் செல்வகனி. "இந்தச் சனியன் சோம்பேறித்தனம் பண்ணதுக்கு நான் நீச்சல் அடிச்சிருக்கேன்."

"ஏட்டி, அது உன் கால்தான். வேற யாரு புத்தி வரும்?" என்றாள் குளோரி. சிரிக்க முயன்றாள், சரியாக வரவில்லை.

"மணியோட இணைப்பை எடுத்துருங்க அண்ணே. நொண்டினாலும் பட்டை ஓடட்டும். பலிக்கலன்னு தெரிஞ்சா தானா விட்டுரும்," என்றாள் செல்வகனி.

பீர் முகம்மது குளோரியைப் பார்த்தார். "நெசமாவே நொண்டிச்சின்னா?"

"சுத்தமா இருக்குன்னு நீருதானய்யா சொன்னீரு," என்றாள் குளோரி. "ரெண்டு நாள் ஓட்டிப் பாப்போம். திருந்தினதும் மணியத் திரும்ப மாட்டிருவோம்."

இணைப்பை எடுத்தார்கள். பட்டை ஓடியது. கால் நொண்டியது. பட்டை நிற்கவில்லை. கால் இன்னும் அதிகமாக நொண்டியது. பாதத்தைப் பக்கவாட்டில் திருப்பிப் பார்த்தது, விரல்நுனியில் ஓடிப் பார்த்தது, ஒரு கட்டத்தில் முழங்காலை மடக்கிக்கொண்டு ஊன்றவே மறுத்தது. பட்டை அதை இழுத்துத் தேய்த்தது. செல்வகனி நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். மதியச் சாப்பாட்டை அங்கேயே வாங்கிச் சாப்பிட்டாள். தயிர் சாதமும் ஊறுகாயும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தன் கால் தரையைத் தொட மறுத்துத் துள்ளுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிட முடிந்தது அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது.

இரண்டாம் நாள் மாலைக்குள் கால் நேராகிவிட்டது. அப்படி ஓர் ஓட்டத்தை பீர் முகம்மது எந்தத் தொட்டியிலும் பார்த்ததில்லை. ஒவ்வொரு அடியும் அச்சில் வார்த்த மாதிரி. மணியைத் திரும்ப மாட்டினார்கள். அது அடிக்கவே இல்லை.

விஷயம் பரவியது. மற்ற ஓட்டக்காரர்களும் தங்கள் தொட்டிகளில் மோட்டார் உறுமலைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். பாதிக்கு மேல் நொண்டின. குளோரி எல்லாவற்றுக்கும் அதே வைத்தியத்தைச் செய்யச் சொன்னாள். பத்து நாளில் கூடத்தில் மணிச் சத்தமே இல்லாமல் போனது. பயிற்சி கூடியது, நேரங்கள் குறைந்தன. சமையல்காரர்கூட "இந்த வருஷம் எத்தனை பதக்கம்மா?" என்று கேட்டுக்கொண்டே முட்டை வைத்தார்.

செல்வகனி முழுச் சுமையில் ஓடினாள். மேடு, மணல், வேகச் சுற்று, எதையும் விடவில்லை. தேர்வுக்கு முந்தின வாரம் வலது கணுக்காலுக்கு மேலே, எலும்பின் உள்பக்கத்தில், ஒரு சின்ன இடம் உறுத்தியது. விரலால் அழுத்தினால் சுருக்கென்றது. அவள் நேராகத் தொட்டிக் கூடத்துக்குப் போனாள். முன்னோடி அழகாக ஓடிக்கொண்டிருந்தது. இந்த வாரச் சுமையையெல்லாம் அது எப்போதோ ஓடி முடித்திருந்தது. அதற்கு ஒன்றுமில்லை என்றால் இவளுக்கும் ஒன்றுமில்லை. கூடத்தில் ஒருவரும் தன் காலைக் கேட்பதில்லை, தொட்டியைத்தான் கேட்பார்கள்.

"கால் எப்டிட்டி இருக்கு?" என்று குளோரி கேட்டபோது, "ஓடிட்டுதான்க்கா இருக்கு, போய்ப் பாருங்க," என்றாள்.

தேர்வு ஓட்டத்தில் கடைசிக்கு முந்தின சுற்றில் அவள் இரண்டாவதாக இருந்தாள். முதலில் ஓடுகிறவளின் மூச்சு திணறுவது கேட்டது. வளைவில் எட்டிப் பிடிக்கலாம் என்று வலது காலை ஊன்றினாள்.

காய்ந்த விறகு முறிவது போன்ற சத்தம். அது தன்னிடமிருந்து வந்தது என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த அடிக்கு அங்கே கால் இல்லை. தடத்தில் விழுந்து உருண்டு, பார்த்தபோது பாதம் தவறான பக்கம் திரும்பியிருந்தது.

அதைவிட விசித்திரம், யாரும் ஓடி வரவில்லை. பின்னால் வந்தவர்கள் ஓட்டத்தை நிறுத்திவிட்டு நின்றார்கள். நடுவர்கள் நின்றார்கள். முதலுதவிக்கென்று உட்கார்ந்திருந்த பையனுக்கும் பெண்ணுக்கும் இப்படி ஒன்று நடக்கும் என்றே யாரும் சொல்லியிருக்கவில்லை. அந்தப் பெண் தன் பெட்டியைத் திறந்து, உள்ளே பார்த்து, மூடிவிட்டாள். மைதானம் முழுக்க ஒரு மனுஷி அலறுகிற சத்தம் மட்டும் கேட்டது. குளோரிதான் தன் கெட்ட காலை இழுத்துக்கொண்டு புல்வெளிக்குக் குறுக்கே ஓடி வந்தாள்.

"பாக்காத. என் மூஞ்சியப் பாரு," என்றாள். "எவனாவது ஒரு பலகை கொண்டாங்கல. மரம் மாதிரி நிக்கீங்க."

மருத்துவமனையில் பயம் வேண்டாம் என்றார்கள். இதற்கும் சேர்த்துத்தானே முன்னோடி இருக்கிறது? உடைந்த துண்டுக்குப் பதிலாகத் தொட்டியிலிருந்து எலும்பை எடுத்து வைத்தால் ஆறு வாரத்தில் ஓடலாம். பீர் முகம்மதுவுக்குச் சொல்லியனுப்பினார்கள். அவர் தொட்டியை வடித்தார்.

படத்தை எடுத்துக்கொண்டு அவரே நேரில் வந்தார். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். அதை அவள் கையில் கொடுத்தார்.

அவளுக்கு முதலில் அது எலும்பு என்று தெரியவில்லை. இஞ்சிக் கிழங்கு மாதிரி இருந்தது. முடிச்சு முடிச்சாக, கோணலாக.

"உடைஞ்சிருக்கு," என்றார் பீர் முகம்மது. "உடைஞ்சு, சாறுல கூடி, கூடினது இறுகுறதுக்குள்ள அதும்மேலயே ஓடி, மறுபடி உடைஞ்சிருக்கு. எத்தனை தடவைன்னு எண்ண முடியல. முதல் உடைசல் நாம மணிய மாட்டின அந்த வாரத்துலயே இருக்கும்."

"அது நொண்டவே இல்லயே அண்ணே."

"இல்ல."

"நான் தினம் போய்ப் பாத்தேனே."

"நானுந்தான் பாத்தேன். இன்னைக்குக் காலம்பறகூட ஓடிக்கிட்டிருந்திச்சு, நேரா." அவர் உள்ளங்கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நொண்டினா என்ன ஆகும்னு நாமதான காட்டிக் குடுத்தோம்."

அவள் படத்தைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "மத்தவங்க தொட்டி?"

"எல்லாம் நேராத்தான் ஓடுது," என்றார். "அக்கா எல்லாரையும் ஓட வேண்டாம்னு சொல்லிட்டாங்க. தொட்டிகள வடிக்கச் சொல்லிருக்காங்க. முதல் நாலு தொட்டி வடிச்சேன். அப்புறம் கை ஓடல, உன்னப் பாக்க வந்துட்டேன்."

அந்த எலும்பு எதற்கும் உதவாது. பழைய முறைதான் மிச்சம்: கம்பி, மாவுக்கட்டு, காத்திருப்பு. தேர்வுக் குழு யோசித்து ஒரு சலுகை கொடுத்தது. காயத்துக்கு விதியே இல்லாமல் இருந்ததால் அவர்களுக்கும் என்ன செய்வதென்று தெரியவில்லை. வருஷக் கடைசியில் செல்வகனி தனியாக ஓடிக் காட்டலாம். அதற்கு மாவுக்கட்டைப் பிரித்த கையோடு பயிற்சி தொடங்கினால்தான் உண்டு.

கட்டைப் பிரித்த அன்று குளோரி வந்தாள். சுவரோரமாக நின்றுகொண்டாள்.

"இனிமே யாருக்கும் தொட்டி கிடையாதுட்டி. அந்தக் காலத்துல எங்களுக்கு இருந்தது மாதிரிதான். உனக்கு வலிச்சா நீதான் சொல்லணும். வலிச்சா இன்னும் ஆறு வாரம் கட்டு. வலிக்கலன்னா நாளைக்கே மைதானம். அந்தச் சுவரு வரைக்கும் நடந்துட்டு வா."

ஆறு வாரம் என்றால் வருஷக் கடைசி போய்விடும். அதன்பிறகு ஒன்றுமில்லை.

செல்வகனி வலது காலை ஊன்றினாள். கணுக்காலில் கிளம்பியது தாடை வரைக்கும் வந்தது. கண்ணுக்கு முன்னால் சுவர் வெளுத்தது. அவள் பாதத்தை முழுசாக அழுத்தினாள், குதியிலிருந்து விரல் வரைக்கும். அடுத்த அடி. அடுத்தது. சுவரைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தாள். ஒரு அடியும் நீளம் குறையவில்லை.

"வலிச்சிச்சா?"

"இல்லக்கா."

குளோரி அவள் முகத்தைப் பார்க்கவில்லை. காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்திலிருந்த நாற்காலியை அவள் பக்கம் நகர்த்தினாள்.

"உக்காரு கனி," என்றாள். "உக்காரும்மா. போதும்."

"இல்லக்கா, நல்லாருக்கு," என்றாள் செல்வகனி. "இன்னொருக்க நடந்து காட்டுதேன், பாருங்க."

பதிலுக்குக் காத்திராமல் திரும்பிச் சுவரை நோக்கி நடக்கத் தொடங்கினாள், நேராக.