நோயாளியாக நடிக்க ஒருத்தி

பெருமாநல்லூர் ரோட்டில் இருக்கும் எங்கள் கல்லூரி விடுதி, முன்பு ஒரு பனியன் கம்பெனிப் பெண்கள் தங்கிய கட்டடம். எத்தனை முறை பெயிண்ட் அடித்தாலும் மழை பெய்தால் ஈரப் பஞ்சு நாற்றம் வந்துவிடும். அங்கேதான் மாடிக்கு ஒரு மாணவியைப் பிடித்து 'உடல்நலத் தோழி' ஆக்கினார்கள். இரண்டாம் மாடிக்கு நான், வேல்விழி.

பெயர்தான் பெரிய பெயர். மருந்துப் பெட்டிச் சாவி வார்டன் அமராவதி மேடத்திடம். யாருக்கு என்ன ஆனாலும் முதலில் அவரிடம் சொல்ல வேண்டும். அவர் தலையாட்டினால்தான் கேட் திறக்கும், 108க்குப் போன் போகும். அப்புறம் நான் எதற்கு? நெற்றியைத் தொட்டுப் பார்க்கவா? பயிற்சி கொடுக்க வந்த நர்ஸிடம் கேட்டேன். "ரூல்ஸுங்க" என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கடைசி நாள் மதியம் செய்முறைப் பயிற்சி. ஒருத்தி நோயாளியாக நடிக்க, இன்னொருத்தி கவனிக்க வேண்டும். என் அறைத் தோழி பிரிசில்லா சிக் ரூமில் படுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு முனகினாள். எல்லோரும் கைதட்டிவிட்டு டீ குடிக்கக் கீழே போனார்கள். அவள் மட்டும் எழவில்லை.

"போதும் புள்ள, எந்திரி. போண்டா தீந்துரும்."

வெளியே மழை பிடித்தது. கரண்ட் போனது. ஈரப் பஞ்சு நாற்றம் அறையை நிறைத்தது.

"அக்கா, அவ நடிக்கல."

பக்கத்துக் கட்டிலில் தலையோடு போர்த்திக்கொண்டு ஒருத்தி படுத்திருந்தாள். கீழ் மாடிப் பெண் யாரோ, அவளுக்கும் நோயாளி வேஷம் போல என்று நினைத்தேன். பேச்சு தெற்கத்திப் பேச்சு.

"நெசமாவே வலிக்கி அவளுக்கு. எனக்கும் அங்கனதான் வலிச்சுது."

பிரிசில்லாவின் நெற்றி கொதித்தது. வலப்பக்க அடிவயிற்றில் கை வைத்ததும் துடித்துப் போனாள்.

கீழே ஓடினேன். மேடம் டீயை ஆற்றிக்கொண்டிருந்தார்.

"இன்னுமா நடிச்சுட்டு இருக்கறீங்க? மாத்திரை தாரேன் கண்ணு, படுத்தாச் சரியாப் போயிரும்."

"நெசந்தானுங்க மேடம். பக்கத்துக் கட்டில்ல இருக்கற புள்ளையே சொல்லுதுங்க."

டம்ளர் பாதியில் நின்றது.

"அங்க ஒரு கட்டில்தானே கண்ணு இருக்குது."

"இல்லீங்க, ரெண்டு."

"இன்னொன்ன நாந்தான் தூக்கிப் போடச் சொன்னேன்." அவர் குரல் கிசுகிசுப்பாகிவிட்டது. "கம்பெனி ஆஸ்டலா இருந்தப்பவும் நாந்தான் வார்டன். ஒரு தூத்துக்குடிப் புள்ள, வயித்து வலின்னுச்சு. மேனேஜர் சொல்லாம கேட்டத் தொறக்கக் கூடாது. மாத்திரையக் குடுத்துக் கதவச் சாத்தீட்டேன். காலைல..."

டம்ளரைக் கீழே வைத்தார்.

அவர் முன்னாலேயே 108-ஐ அழைத்தேன். கேட்டைத் திறக்க, அவர் இடுப்பிலிருந்த சாவிக்கொத்தை நானே உருவி எடுத்தேன். அவர் தடுக்கவில்லை.

அப்பெண்டிக்ஸ். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் வெடித்திருக்கும் என்றார் டாக்டர். பிரிசில்லா பிழைத்துக்கொண்டாள். எனக்குக் கிடைத்தது என்ன தெரியுமா? அனுமதியில்லாமல் வண்டியை வரவழைத்தது ஏன் என்று கல்லூரியில் விளக்கம் கேட்டார்கள். சிக் ரூமுக்கு ஒரு பெரிய பூட்டும் போட்டுவிட்டார்கள்.

மறுநாள் சாயங்காலம் பிரிசில்லாவின் துணிகளை எடுத்துக்கொண்டு அந்த வழியாகப் போனேன். மழை இல்லை. ஆனால் ஈரப் பஞ்சு நாற்றம் வந்தது.

பூட்டிய கதவுக்குள் கட்டில் கிரீச்சிட்டது.

"அக்கா."

நின்றேன்.

"அவளுக்கு வண்டி வந்துட்டுல்லா?"

"வந்துருச்சு" என்றேன்.

"எனக்கு எப்பக்கா வரும்?"

போனை எடுத்தேன். நோயாளி பெயர் என்ன என்று 108-இல் கேட்பார்கள். அவளிடம் கேட்க நான் வாயைத் திறப்பதற்குள், உள்ளேயிருந்து கதவு தட்டப்பட்டது. மெதுவாக, பொறுமையாக. காத்திருந்து பழகியவள் அவள்.