சிப்பிப் பொடி

சாப்பிடாத முயல் இளைக்க வேண்டும். ஊர் உலகத்தில் அதுதான் நியாயம். விஜிலா தராசில் வைத்த முயலோ போன வாரத்தைவிடக் கனத்தது. தட்டில் தீனி போட்டது போட்டபடியே கிடந்தது. கேரட் துண்டுகள் காய்ந்து சுருண்டிருந்தன. கூண்டுக்கு அடியில் புழுக்கை ஒன்றுகூட இல்லை. தராசுதான் பழுதோ என்று தன் கைப்பையைத் தூக்கி வைத்துப் பார்த்தாள். தராசில் ஒரு குறையும் இல்லை.

"நல்லா கொழுத்துருக்கு, பாத்தீங்களா டாக்டரம்மா," என்றார் செந்தூர்பாண்டி அண்ணாச்சி. அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் விலங்குகளுக்குத் தீனி வைத்துக் கூண்டு கழுவுகிறவர். "நம்ம கைராசி அப்படி."

"ஒண்ணுமே திங்கலியே அண்ணாச்சி. பெறவு எப்படிக் கொழுக்கும்?"

அண்ணாச்சி தலையைச் சொறிந்தார். டீ குடித்துவிட்டு வருவதாகச் சொல்லி நழுவினார். மனுஷனுக்கு இப்போதெல்லாம் அந்த அறையில் கால் தரிப்பதில்லை என்பது போன வேகத்திலேயே தெரிந்தது.

தூத்துக்குடியைத் தாண்டி உப்பளங்களுக்கு நடுவே இருந்தது அந்தப் பல் மருத்துவ ஆராய்ச்சிக்கூடம். பல் பிடுங்கிய இடத்தில் எலும்பு கரைந்து பள்ளம் விழும். அந்தப் பள்ளத்தை முத்துச்சிப்பி ஓட்டின் உள்பக்கத்துப் பளபளப்பைப் பொடித்து நிரப்பினால் எலும்பு வளர்கிறதா என்று பார்ப்பதுதான் விஜிலாவின் வேலை. முயலின் தாடையில் துளை போட்டுப் பொடியை அடைத்துத் தைப்பாள். தவணை வந்ததும் முயலைக் கொன்று தாடையை எடுப்பாள். முதலில் சில நாள் சோறு இறங்கவில்லை. அப்புறம் பழகிவிட்டது. பழகியதை நினைத்தால்தான் அவளுக்குத் தன்மேல் வெறுப்பாக வரும். வலித்தால் முயல் கத்தாது, பல்லைக் கடிக்கும். இந்த முயல்கள் பல்லைக் கடிக்கவே இல்லை. வலி தெரியாத மருந்து என்று அவள் மகிழ்ந்துபோனாள்.

மகிழ்ந்ததோடு நின்றிருந்தால் தேவலை. அதே பொடி அவள் புருஷன் மரியானின் தாடையிலும் இருந்தது.

மரியானுக்குத் துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை. வடக்கயிறு அறுந்து முகத்தில் அடித்ததில் கடைவாய்ப் பல்லும் அதைச் சுற்றிய எலும்பும் போயின. "முயலுக்கு வைக்கிறத எனக்கும் வையேன்ளா. கடல்ல கெடக்கிற பய நான், சிப்பி என்னைய என்ன செஞ்சிரப் போவுது?" என்று நச்சரித்தான். அவன் வாய் நிறையச் சிரித்தால்தான் அவளுக்கு வீடு வீடாக இருக்கும். பிள்ளை இல்லை, பெற்றவர்கள் போய்விட்டார்கள், அவளுக்கென்று இருந்தது அந்தச் சிரிப்பு ஒன்றுதான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு, ஆளில்லாத ஆராய்ச்சிக்கூடத்தில் அவனை உட்கார வைத்து அவளே அடைத்துத் தைத்தாள்.

இன்று இந்த முயலின் தவணை. மேசைமேல் படுக்க வைத்துக் காது நரம்பில் ஊசியை இறக்கினாள். வழுக்கியது. மறுபடி இறக்கினாள். காதில் சொட்டு ரத்தம் இல்லை, ஊசிதான் வளைந்திருந்தது.

ஏசி ஒரே சுருதியில் முனகிக்கொண்டிருந்தது. வெளியே மத்தியான வெயிலில் உப்புக் குவியல்கள் கண்ணைப் பறித்தன. கண்ணாடி வழியே வந்த அந்த வெளிச்சத்தில் அறையின் மூலைகள் வழக்கத்தைவிட இருட்டாகத் தெரிந்தன. மூத்திர நெடிக்கும் கிருமிநாசினி வாசத்துக்கும் அடியில் வேறொரு வாடை மெல்ல மெல்ல மேலே வந்தது. திரேஸ்புரத்து மீனவர் கரையில் பிறந்தவளுக்கு அதைச் சொல்லித்தர வேண்டாம். கரையில் ஒதுங்கிய சிப்பி வெயிலில் வாய் பிளந்து கிடக்கும்போது அடிக்கும் வாடை.

முயலின் மயிரை விலக்கினாள். அடியில் தோல் இல்லை. வெள்ளையாக, அசைத்தால் இளஞ்சிவப்பும் பச்சையும் ஓடுகிற ஒரு வழுவழுப்பு. விரல் வைத்தாள். சில்லென்றிருந்தது. அதற்கும் அடியில், வெகு தூரத்தில், இதயம் துடித்துக்கொண்டிருந்தது.

அப்போதுதான் அந்தச் சத்தம். சாக்கில் கட்டிய சிப்பிகளை லேசாக அசைத்தால் வருமே, அது. நிமிர்ந்து பார்த்தாள். வரிசையாக எல்லாக் கூண்டுகளிலும் முயல்கள் கடல் இருக்கும் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தன. எல்லாம் ஒன்றாக வாயைத் திறந்தன. ஒன்றாக மூடின. அவசரமே இல்லாமல் மறுபடி திறந்தன.

ஒரு வாரமாக மரியான் சோற்றைப் பிசைந்துவிட்டு நாய்க்கு வைக்கிறான். முந்தாநாள் கட்டில் சட்டம் முறிந்தது. 'தொந்தியைக் குறைங்க' என்று அவள் கேலி செய்தாள், அவனும் வயிற்றைத் தட்டிக் காட்டிச் சிரித்தான். தட்டியபோது கேட்ட சத்தம் இப்போதுதான் அவள் காதில் விழுந்தது.

போன் போட்டாள். வெகு நேரம் அடித்த பிறகு எடுத்தான்.

"என்னளா?"

"வாயி வலிக்குதா உங்களுக்கு?"

"வலியா? வலியே இல்லேளா. இம்புட்டு சுகமா நான் இருந்ததே இல்ல. ஒடம்புதான் கனமா கெடக்கு. காந்துது. கொல்லைத் தொட்டில தண்ணி நெறச்சி உப்பு கரைச்சு வச்சிருக்கேன். செத்த நேரம் எறங்கிக் கெடக்கேன்."

"உப்பு எதுக்குங்க?"

மரியான் யோசித்தான். "தெரியல," என்றான். அதுவரை இருந்த சிரிப்பு அந்தக் குரலில் இல்லை. "விஜி... வெரலு மடங்க மாட்டேங்கு."

"எறங்காதீங்க! நான் வாரேன். நான் வார வரைக்கும் அங்கனயே நில்லுங்க!"

போனுக்குள் சாக்குச் சிப்பி அசையும் அதே சத்தம் கேட்டது.

மேசைமேல் கிடந்த முயலை அப்படியே விட்டுவிட்டு ஸ்கூட்டரை எடுத்தாள். இருபுறமும் உப்பளம். வெள்ளை. எங்கே பார்த்தாலும் வெள்ளை. மாதாவே, அவருக்கு ஒண்ணும் ஆகியிருக்கக் கூடாது, என்னைய எடுத்துக்கோ, அவர விட்டுரு என்று வாய் தன்பாட்டில் ஓடியது. லாரிகள் ஒலியெழுப்பித் திட்டிக்கொண்டே போயின. அந்தத் திட்டுகூட அவளுக்கு ஆறுதலாக இருந்தது.

வீட்டுக் கதவு திறந்தே கிடந்தது. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. நாற்காலியில் அவன் சட்டை.

"என்னங்க..."

அடுக்களையில் ஆள் இல்லை. கொல்லையில் காகம்கூட இல்லை. கிழிந்த உப்புச் சாக்கு. ஈரத் தரை.

சிமெண்ட் தொட்டி விளிம்புவரை நிறைந்திருந்தது. தண்ணீர் அசையவில்லை. அடியில் மரியான் மல்லாந்து கிடந்தான். குமிழி ஒன்றுகூட மேலே வரவில்லை.

விஜிலா அலறிக்கொண்டு தோள்வரை கையை விட்டாள். அக்குளில் பிடித்து இழுத்தாள். நகரவில்லை. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். நகரவில்லை. மார்பு வழுக்கியது. கன்னம் வழுக்கியது. பிடிக்க ஓர் இடம் இல்லை.

அவன் வாய் திறந்தது. மெல்ல மூடியது.

"மரியான்!" முதல் தடவையாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டாள்.

குனிந்தாள். மூக்கு தண்ணீரைத் தொட்டது. அவன் கண்கள் திறந்திருந்தன. இமை இல்லை. கண்ணின் மேலேயும் அந்த வழுவழுப்பு மெல்லிசாக மூடி, பளபளவென்று அழகாகப் படிந்திருந்தது. அவள் அதை நகத்தால் சுரண்டினாள். நகம் முறிந்தது.

பூச்சுக்கு அடியில், இன்னும் மங்கலாகத் தெரிந்த கருவிழி, அவள் குரல் வந்த பக்கம் திரும்பி, அவளைக் காணாமல், அங்குமிங்கும் ஓடித் தேடிக்கொண்டிருந்தது.